நீரோவின் பின்னந்தலை: பேராசிரியர் பதில்கள்

ரோமானியக் கலையும் தொல்லியலும் படிக்க ஆசை. லத்தீன் மட்டும் தெரிந்தால் போதுமா?
*வரலாறு இளங்கலை மாணவி*

போதாதம்மா. கிரேக்கமும் வேண்டும். அதைவிட அவசரமாக ஜெர்மன் வேண்டும். எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரம் பாம்பேய். அதன் சுவரோவியங்களை நான்கு பாணிகளாகப் பிரித்து ஜெர்மன் அறிஞர் ஆகஸ்ட் மாவ் 1882-ல் எழுதியது ஜெர்மன் மொழியில்தான். அந்தப் பிரிவோடு சண்டை போடுகிறவர்கள்கூட அதை வைத்துத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இத்தாலியன் தெரியாவிட்டால், அருங்காட்சியகக் கிடங்குச் சாவி வைத்திருப்பவரிடம் வாய் திறக்க முடியாது. எனக்கு லத்தீனைவிட அதுதான் அதிகம் உதவியது.

எல்லாவற்றையும்தான் தோண்டி எடுத்தாயிற்றே, இன்னும் ஆராய என்ன மிச்சம்?
*ஒரு வாசகர்*

1748-ல் தோண்டத் தொடங்கிய பாம்பேயிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்கடியில்தான் இருக்கிறது. அதில் பெரும்பகுதியை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். வெளியே எடுத்ததை வெயிலிலும் மழையிலும் காப்பாற்றுவதே பெரும்பாடு.

ஆனால், மேலே எடுத்து வைத்ததையே நாம் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கட்சி. நான் தலைச்சிலை ஆள். கி.பி. 68-ல் ரோமப் பேரரசர் நீரோ தற்கொலை செய்துகொண்டதும் அவருடைய சிலைகள் வேண்டாதவை ஆயின. நல்ல பளிங்கை வீணாக்குவானேன்? பல தலைகளை மறுபடி செதுக்கி, அடுத்த ஆண்டு பேரரசரான வெஸ்பாசியன் ஆக்கிவிட்டார்கள். உளியால் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. அதனால் புது முகம் தலைக்குப் பொருந்தாமல் சிறுத்துப்போகும். முன்நெற்றிச் சுருளை மழித்து வழுக்கையாக்கியவர்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று காதுக்குப் பின்னால் கைவைக்காமல் விட்டிருப்பார்கள். பழைய அட்டவணை நூல்களிலோ பெரும்பாலும் முன்பக்கப் படம் மட்டுமே இருக்கும். ஆகவே நேரில் போய், சிலையைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தச் சொல்லிக் கெஞ்சி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். காவலர்களுக்கு என்னைப் பிடிக்காததில் வியப்பில்லை.

ரோமில் பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கு எழுப்பிய வெற்றி வளைவிலும் இதே கதைதான். அங்கே வட்டப் புடைப்புச் சிற்பங்களில் வேட்டையாடிய பழைய பேரரசர் ஹேட்ரியனின் முகத்தை மாற்றி கான்ஸ்டன்டைன் ஆக்கியிருக்கிறார்கள்.

நீங்கள் கலை வரலாற்றாளரா, தொல்லியலாளரா?
*ஒரு வாசகி*

எந்தத் துறை சம்பளம் தருகிறதோ அது. இரண்டு பக்கமும் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். ஒன்றில் மட்டும் நான் முழுத் தொல்லியலாளர்: எங்கே கிடைத்தது என்று தெரியாத சிலை பாதி ஊமை. பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்க வந்த 1970 யுனெஸ்கோ உடன்படிக்கைக்குப் பிறகு, பூர்வீகம் சொல்லாமல் சந்தையில் திடீரென்று முளைத்த எதைப் பற்றியும் நான் எழுதுவதில்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

மகன் இதைப் படிக்கப்போகிறானாம். வேலை கிடைக்குமா?
*கவலையோடு ஒரு தந்தை*

நிரந்தரப் பேராசிரியர் வேலை மிகச் சிலருக்கே, ஐயா. முனைவர் பட்டத்துக்குப் பின் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களாகவே காலம் ஓடும். ரோமில் 1901-ல் தொடங்கிய பிரிட்டிஷ் பள்ளி போன்ற ஆய்வு நிறுவனங்கள் உதவித்தொகை தருகின்றன, போட்டியும் கடுமை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே அருங்காட்சியகம் உண்டு, கட்டுமானத்துக்கு முந்தைய அகழாய்வு உண்டு. ரோம் மெட்ரோவின் சி தடத்துக்காகத் தோண்டும்போதுதான் அம்பா அராதாம் நிலையத்தில் ஹேட்ரியன் காலப் படைவீரர் குடியிருப்பு வெளிப்பட்டது.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு கோடைக்கால அகழாய்வுக்கு அனுப்பிப் பாருங்கள். பெரும்பாலும் வாளித் தண்ணீரில் உடைந்த பானை ஓடுகளைக் கழுவவிடுவார்கள். அதற்குப் பிறகும் போகிறேன் என்றால், முதலில் ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.