கடலோர ஊரான கீழக்கரைப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரி வளாகத்தை நடந்து சுற்றினால் கட்டடங்களில் எதைப் பார்ப்பது?

வாசலில் காவலரிடம் அனுமதி கேட்டுவிட்டு, காலை வெயில் ஏறும் முன் போங்கள். முதலில் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்திருக்கலாம். நிலத்தடி ஈரம் செங்கல்லின் நுண்துளை வழியே மேலேறுகிறது. நீர் ஆவியானதும் உப்பு படிகமாகி, பூச்சை உள்ளிருந்தே தள்ளுகிறது. எனக்கு ஒரு கடலோரக் கட்டடத்தின் வயதையும் பராமரிப்பையும் முதலில் சொல்வது இந்த இடம்தான்.

அப்புறம் அண்ணாந்து பாருங்கள். கடல் பார்த்த பக்கத்தின் சன்ஷேடுகளில் (ஜன்னலுக்கு மேல் நீளும் கான்கிரீட் பலகைகளில்) உள்ளிருக்கும் இரும்புக் கம்பி நெடுக நேர்கோட்டு விரிசல் இருந்தால், கம்பியில் துரு பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் கான்கிரீட் பிளந்துவிடும்.

வராண்டாவில் கொஞ்சம் நில்லுங்கள். வகுப்பறைச் சுவரில் நேர் வெயில் படாமல் காப்பது அதுதான்; எதிரெதிர் ஜன்னல்கள் காற்றை உள்ளே இழுக்கின்றன.

நேரமிருந்தால் ஊருக்குள் பழைய ஜும்ஆ பள்ளிவாசலையும் வெளியிலிருந்தாவது பாருங்கள். திராவிடப் பாணிக் கல்தூண்கள், அவ்வளவு அழகு! உள்ளே இரும்புக் கம்பி இல்லாத கல்லுக்குத் துருப் பயம் கிடையாது.