பெட்ரோல் ஜிப்ஸியில் டீசல் இன்ஜின் பொருத்தலாமா?

காரைக்குடியிலிருந்து தோப்புக்குப் போய்வர வைத்திருக்கும் பழைய பெட்ரோல் மாருதி ஜிப்ஸி ஜீப்பில் டீசல் இன்ஜின் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். ஆனால் இன்ஜின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பலர் கோட்டை விடுவது பிரேக்கில். பெடலை லேசாக மிதித்தாலே பிரேக் பிடிக்க உதவுவது பிரேக் பூஸ்டர். பெட்ரோல் இன்ஜினில் அதற்கு வேண்டிய வெற்றிடம் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தே (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) கிடைத்துவிடும். டீசலில் அது போதாது, தனி வேக்கம் பம்ப் வேண்டும். ஆல்டர்னேட்டரின் (பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) பின்னாலேயே அந்தப் பம்ப் இருக்கும் இன்ஜினாகப் பார்த்து எடுங்கள். அது இல்லாமல் கண்மாய்க் கரையில் இறங்கினால் பெடல் கல் மாதிரி நிற்கும்.

அடுத்தது கியர். ஜிப்ஸியின் 1.3 லிட்டர் பெட்ரோல் நிமிடத்துக்கு 6000 சுற்று வரை போகும். டீசல் 4000 தாண்டினாலே திணறும். அச்சில் இருக்கும் பழைய கிரௌனையே (சக்கரத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் கடைசிப் பல்சக்கரம்) விட்டால் திருச்சி ரோட்டில் இன்ஜின் கத்திக்கொண்டே போவீர்கள். மெதுவாகப் போகும் செம்மண் பாதைக்கு மட்டும் என்றால் சரி, பழைய கிரௌனே நல்லது. முன்பக்கம் எடை கூடும், ஸ்பிரிங் பட்டையை பலப்படுத்த வேண்டும். ரேடியேட்டர், மிச்ச டீசலை டாங்கிக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் எல்லாம் எந்த மெக்கானிக்கும் பார்த்துக்கொள்வார்.

அப்புறம் காகிதம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, இன்ஜினை மாற்றும் முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் எரிபொருளையும் இன்ஜின் எண்ணையும் திருத்த வேண்டும். இல்லையென்றால் விபத்தில் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம். என்னைக் கேட்டால், மாதம் நாலு நடை தோப்புக்குப் போக இவ்வளவு பாடு வேண்டாம். இருக்கிற இன்ஜினையே பிரித்துப் புது பிஸ்டன் ரிங்ஸ் போடுங்கள்.