வீட்டை விற்று மருத்துவப் பட்டம் வேண்டாம்

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் மேல்நிலைத் தேர்வு முடித்திருக்கிறாள். வேதியியலிலும் கணிதத்திலும் நல்ல தேர்ச்சி. உள்ளூரில் மருத்துவ இடம் மட்டும் கிடைக்கவில்லை. வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்கு மாறி, அவளை ஆஸ்திரேலியாவில் மருத்துவம் படிக்க அனுப்புங்கள் என்கிறார் பெரியப்பா. அவளோ எரிமலைப் புகையில் எவ்வளவு கந்தக அமிலம் இருக்கிறது என்று கணக்கிடும் வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். எரிமலையே இல்லாத ஊரில் இவள் என்ன செய்வாள் என்பது தாயாரின் கவலை.

கவலை புரிகிறது, அம்மா. ஆனால் வீட்டில் கை வைக்காதீர்கள். வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு லட்சக்கணக்கான வெள்ளி ஆகும். நம் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியின் கல்விக் கடன் உள்ளூர்ப் படிப்புக்குத்தான். எல்லா வெளிநாட்டு மருத்துவப் பட்டங்களும் இங்கே செல்லுபடியாவதில்லை. ஏற்கப்படும் பள்ளிகளின் பட்டியலை 2020இல் 160இலிருந்து 103ஆகச் சுருக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் நீண்ட கடிதத்தில் மகள் மருத்துவம் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. கேட்பவர் பெரியப்பா. தவணை கட்டப் போவது அவர் அல்லர்.

கணினி, கணக்கியல், வணிகம் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைத் தீபாவளி விருந்தில் ஆளுக்கு ஆள் சொல்வார்கள்.

எரிமலை நம் தீவில் இல்லை, அக்கம்பக்கத்தில் ஏராளம். 1991இல் பிலிப்பீன்ஸின் பினாத்துபோ வெடித்தபோது ஏறத்தாழ 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடு மேகங்களுக்கும் மேலே உள்ள அடுக்கு வளிமண்டலத்துக்குப் போனது. அது கந்தக அமிலத் துளிகளாக மாறிச் சூரிய ஒளியை மறைத்ததில் உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி குறைந்தது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள புவி ஆய்வு நிலையம் இந்தோனீசிய, பிலிப்பீன்ஸ் எரிமலைகளை ஆராய்கிறது. அதே வளாகத்தில் சுற்றுச்சூழல் புவி அறிவியலில் இளநிலைப் பட்டமும் உண்டு.

வேலை என்ன என்று பார்ப்போம். கந்தக டை ஆக்சைடு புற ஊதாக் கதிரை உறிஞ்சும். ஆகவே புகைக்கு அடியில் ஒளியைப் பிரித்து அளக்கும் ஒரு நிறமாலைமானியை வானை நோக்கி வைத்துக்கொண்டு காரிலோ படகிலோ கடந்தால், மேலே எவ்வளவு வாயு இருக்கிறது என்று தெரியும். காற்றின் வேகத்தால் பெருக்கினால் நாளொன்றுக்கு எத்தனை டன் என்று வரும். அமிலம் அப்படிப் பிடிபடாது. சூரிய ஒளியில் உருவாகும் ஹைட்ராக்சில் என்ற வினை வேகம் மிக்க துகள், கந்தக டை ஆக்சைடைத் தாக்க, நீராவியும் சேர்ந்து அமிலம் பிறக்கிறது. பிறந்த வேகத்திலேயே தூசியிலும் சாம்பலிலும் ஒட்டிக்கொள்கிறது. சாதாரணப் பகல் காற்றில் கன சென்டிமீட்டருக்குச் சில பத்து லட்சம் அமில மூலக்கூறுகள்தான் ஆவியாக இருக்கும். அதே இடத்தில் மற்ற மூலக்கூறுகள் கோடி கோடிக்கும் மேல். நைட்ரேட் அயனி என்ற மின்னூட்டத் துகளைக் கொண்டு அமிலத்தைப் பிடித்து, மூலக்கூறுகளை எடை பார்த்து எண்ணும் நிறைமானி உண்டு, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு எரிமலை ஏறுவது எளிதல்ல. எனவே கந்தக டை ஆக்சைடையும் ஹைட்ராக்சிலையும் பெருக்கி, துகள்கள் அமிலத்தை உறிஞ்சும் வேகத்தால் வகுத்து மதிப்பிடுகிறார்கள். நகரக் காற்றுக்குப் பழகிய இந்தச் சூத்திரத்தை அடர்ந்த புகைக்குள் அப்படியே போட்டால் தவறும்: புகை ஒளியை மறைக்கிறது, கந்தக டை ஆக்சைடே ஹைட்ராக்சிலைத் தின்று தீர்க்கிறது. எங்கே தவறும் என்று அறிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு.

‘எரிமலை’ என்று பெயர் போட்ட வேலை இங்கே விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் இதே கணக்கு கப்பல் புகைக்கும் பொருந்தும். கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 2020இல் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆனது, உலகிலேயே அதிகக் கப்பல் எரிபொருள் விற்கும் துறைமுகம் நம்முடையது. நாம் தினமும் பார்க்கும் காற்றுத் தரக் குறியீட்டிலும் கந்தக டை ஆக்சைடு ஒரு பகுதி. ஜூரோங் தீவின் வேதி ஆலைகளுக்கும் காற்றை அளப்பவர்கள் தேவை.

அரசு மானியத்துடன் உள்ளூர்ப் பட்டத்துக்குக் குடிமக்களின் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 வெள்ளி. சேமநிதியிலிருந்து எடுத்தால், படிப்பு முடிந்தபின் மகள் வட்டியோடு உங்கள் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும்; இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். முதல் ஆண்டிலேயே பைத்தான் நிரலாக்கம் கற்கட்டும். முனைவர் பட்டம் வரை போக விரும்பினால் உதவித்தொகை கிடைக்கும் இடத்தில் மட்டும் சேரட்டும். அதற்கு ஒரு வெள்ளிகூடக் கடன் வாங்க வேண்டாம்.