‘அது’வா, ‘அவை’யா? அமெரிக்க அதிபர் பதவி குறித்த கேள்வி பதில்

கேள்வி: டிரம்ப் 47-ஆவது அதிபர் என்கிறார்கள், எண்ணிப் பார்த்தால் 45 பேர்தான் வருகிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி. குரோவர் கிளீவ்லண்ட் 1885-இல் பதவியேற்று, அடுத்த தேர்தலில் தோற்று, 1893-இல் மீண்டும் வந்ததால் 22, 24 என இரண்டு எண்களைப் பெற்றார். டிரம்பும் அவ்வாறே 45, 47 ஆனார்.

கேள்வி: மக்களிடம் அதிக வாக்கு பெற்றவர் எப்படித் தோற்க முடியும்?

பதில்: அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலந்தோறும் நியமிக்கப்படும் தேர்வாளர்கள், மக்களின் வாக்கு அவர்களுக்கே போகிறது. 1876, 1888, 2000, 2016 ஆகிய தேர்தல்களில் மக்கள் வாக்கில் முந்தியவர் தேர்வாளர் வாக்கில் பின்தங்கினார். 1824-இல் நடந்தது வேறு: ஆண்ட்ரூ ஜாக்சன் இரண்டிலும் முதலிடம் பெற்றும், 261 தேர்வாளர் வாக்குகளில் 99 மட்டுமே பெற்றுப் பெரும்பான்மையை எட்டாததால், முடிவு பிரதிநிதிகள் அவைக்குச் சென்றது. 84 வாக்குகள் பெற்றிருந்த ஜான் குவின்சி ஆடம்ஸை அவை அதிபராக்கியது.

கேள்வி: அதிபர் இறந்தால் துணை அதிபர் அதிபராவார் என்பது தொடக்கத்திலிருந்தே உள்ள விதிதானே?

பதில்: இல்லை. மற்ற கேள்விகளைச் சற்று நிறுத்திவைத்தாவது இதற்கு விரிவாக விடை சொல்ல விரும்புகிறேன். அதிபர் இறந்தாலோ, விலகினாலோ, நீக்கப்பட்டாலோ, பதவியின் அதிகாரங்களையும் கடமைகளையும் நிறைவேற்ற இயலாமற்போனாலோ, ‘தி சேம்’ (‘மேற்படி’) துணை அதிபரைச் சேரும் என்றுதான் அரசமைப்புச் சட்டம் கூறியது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் பதவியையும் சுட்டலாம், அதிகாரங்களையும் கடமைகளையும் சுட்டலாம். தமிழில் எழுதியிருந்தால் ‘அது’ அல்லது ‘அவை’ என்று ஏதேனும் ஒன்றை எழுதித்தான் தீரவேண்டும். வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

1841 ஏப்ரல் 4 அன்று, பதவியேற்று ஒரு மாதமே ஆன வில்லியம் ஹென்றி ஹாரிசன் இறந்தார். 51 வயதான துணை அதிபர் ஜான் டைலர் வில்லியம்ஸ்பர்க்கிலிருந்து விரைந்து வந்து, ஏப்ரல் 6 அன்று வாஷிங்டனில் பிரவுன்ஸ் ஹோட்டலில், நீதிபதி வில்லியம் கிராஞ்ச் முன்னிலையில் அதிபருக்குரிய உறுதிமொழியை எடுத்துக்கொண்டார். அன்று கிராஞ்ச் எழுதிக் கொடுத்த சான்றிதழைப் பாருங்கள்: துணை அதிபராக எடுத்த உறுதிமொழியே தமக்குப் போதுமென்று டைலர் கருதுவதாகவும், ஐயம் எழக்கூடும் என்பதால் கூடுதல் எச்சரிக்கைக்காகவே இதை எடுப்பதாகவும் அதில் இருக்கிறது. ஐயமே இல்லை என்று சொல்லிக்கொண்டே ஐயத்துக்கு மருந்து போட்டுக்கொண்ட மனிதர் அவர்.

கேள்வி: நீங்கள் டைலரைப் பாராட்டுவது போலிருக்கிறது. அதிகாரங்கள் மட்டுமே சேரவேண்டியவர் பதவியையே எடுத்துக்கொண்டது அபகரிப்பு அல்லவா? முன்னாள் அதிபர் ஆடம்ஸே எதிர்த்தாரே?

பதில்: எதிர்த்தார். அரசமைப்புச் சட்டத்தின் இலக்கணத்துக்கே இது முரண் என்று அதே ஏப்ரலில் தம் நாட்குறிப்பில் எழுதினார். மூலவரைவைப் பார்த்தால் ஆடம்ஸ் பக்கமே நியாயம் அதிகம்: புதிய அதிபர் தேர்ந்தெடுக்கப்படும்வரை துணை அதிபர் அதிகாரங்களைச் செலுத்துவார் என்றே 1787 மாநாட்டின் வரைவு சொன்னது, நடையைச் செப்பனிட்ட குழு வாக்கியங்களை இணைத்தபோதுதான் குழப்பம் நுழைந்தது. ஆனால் டைலரை அதிபர் என்று அழைக்கக்கூடாது என்ற திருத்தத்தைச் செனட் 38-க்கு 8 என்று தள்ளிவிட்டது. அபகரிப்பு என்பதை நான் ஏற்கவில்லை. பொறுப்பு அதிபராக மட்டும் இருந்திருந்தால், செப்டம்பரில் வெளியுறவு அமைச்சர் வெப்ஸ்டர் தவிர அமைச்சரவை முழுவதும் விலகியபோது அவரால் நின்றிருக்க முடியாது.

கேள்வி: அதிக வாக்கு பெற்றவர் தோற்பது நியாயமா, எப்படி?

பதில்: மேலே இரண்டாம் பதிலைப் படிக்கவும்.

கேள்வி: அபகரிப்பு என்று கேட்டவன் மீண்டும் வருகிறேன். அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டு இரண்டரை மாதம் படுக்கையில் கிடந்தபோது ஆட்சி முடங்கியதே, அதற்கு யார் காரணம்?

பதில்: சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள், இங்கே நான் விட்டுக்கொடுக்கிறேன். 1881 ஜூலை 2 முதல் செப்டம்பர் 19 வரை துணை அதிபர் ஆர்தர் ஒதுங்கியே இருந்தார். டைலரின் வழக்கப்படி துணை அதிபரிடம் போவது பதவியே என்றால், கார்ஃபீல்ட் குணமடைந்தாலும் அது திரும்பி வருமா என்ற கேள்விக்கு எவரிடமும் விடையில்லை. 1919-இல் அதிபர் வில்சன் பக்கவாதத்தில் விழுந்தபோதும் துணை அதிபர் பொறுப்பேற்கவில்லை. 1967-இல் நடைமுறைக்கு வந்த 25-ஆவது சட்டத்திருத்தமே முடிச்சை அவிழ்த்தது: அதிபர் இறந்தாலோ, விலகினாலோ, நீக்கப்பட்டாலோ துணை அதிபர் அதிபராகவே ஆகிறார், இயலாமை என்றால் பொறுப்பு அதிபர் மட்டுமே. முன்னதில் ‘அது’, பின்னதில் ‘அவை’.

கேள்வி: லிங்கனின் செயலர் பெயர் கென்னடி, கென்னடியின் செயலர் பெயர் லிங்கன் என்கிறார்களே?

பதில்: முதல் பாதி தவறு: லிங்கனின் செயலர்கள் ஜான் நிக்கோலேயும் ஜான் ஹேயும். ஆளும் தேதியும் சரிபார்க்காமல் இத்தகைய கதைகளைப் பரப்பாதீர்கள். எத்தனை முறை சொல்வது!

கேள்வி: நிக்சனைப் பதவிநீக்கம் செய்தார்கள், சரியா?

பதில்: தவறு. பிரதிநிதிகள் அவை வாக்கெடுப்பு நடத்துமுன்பே, 1974 ஆகஸ்ட் 9 அன்று, அவரே விலகினார். ஜெரால்ட் ஃபோர்டு அதிபரானார். அவரும் அதே 25-ஆவது திருத்தத்தின்படி 1973 டிசம்பரில் துணை அதிபராக நியமிக்கப்பட்டவர். இரண்டு பதவிகளில் எதற்கும் தேர்ந்தெடுக்கப்படாமல் இரண்டிலும் அமர்ந்தவர் அவர் ஒருவரே.