மாடலிங் வருகிறது, பி.ஓ.எம். வருமா?

நீங்கள் கணினியில் முப்பரிமாணமாக வடிவமைத்து அனுப்பிய கன்வேயர் மாடலைத் திறந்து பார்த்தேன். ரெண்டர் படமும் அனிமேஷனும் நன்றாகவே இருக்கின்றன. "மாடலிங் நன்றாக வருகிறது, இன்டர்வியூவில்தான் தட்டிப்போகிறது" என்று எழுதியிருந்தீர்களே, அதற்கான காரணம் திரையின் இடது பக்கத்தில் இருக்கிறது. பாகங்கள் எல்லாம் ஒரே வரிசையில் நீண்டுகொண்டே போகின்றன: பார்ட்1, பார்ட்1 காப்பி, போல்ட் நியூ, போல்ட் ஃபைனல். அனுபவமுள்ள டிசைனரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

மாடலைப் பார்த்து யாரும் பொருள் வாங்குவதில்லை. பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், மெஷின் ஷாப், அசெம்பிளி என்று எல்லோர் கைக்கும் போவது பில் ஆஃப் மெட்டீரியல் (பி.ஓ.எம்.), அதாவது எந்தப் பாகம் எத்தனை வேண்டும் என்ற பட்டியல்தான். அது மாடலிலிருந்து தானாக வருகிறது. அதனால் மாடலில் உள்ள குழப்பமும் அப்படியே அதில் இறங்கிவிடும்.

உங்கள் கன்வேயரில் ரோலர் பிராக்கெட் நான்கு இடங்களில் வருகிறது, ஒவ்வொன்றிலும் ஆறு போல்ட். அதை ஒரு சப் அசெம்பிளியாக, அதாவது பெரிய இயந்திரத்துக்குள் ஒரு சிறு தொகுதியாகச் செய்து நான்கு முறை போட்டிருந்தால், படிநிலைப் பட்டியலில் 'பிராக்கெட் 4, அதற்குள் போல்ட் 6' என்று வரும். பாகங்கள் மட்டும் உள்ள பட்டியலில் அதே போல்ட் 24 என்று வரும். அசெம்பிளி செய்பவருக்கு முதலாவது வேண்டும், வாங்குபவருக்கு இரண்டாவது. இந்த வித்தியாசத்தை இன்டர்வியூவில் கேட்பார்கள், தயாராக இருங்கள். உங்கள் பட்டியலிலோ ஒரே போல்ட் இரண்டு ஃபைல் பெயர்களில் இருப்பதால் 12, 12 என்று இரண்டு வரியாகப் பிரிந்து கிடக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். விவரத்தில் வெறும் 'எம்8×40 போல்ட்' (8 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளம்) என்றுதான் இருக்கிறது. அது போதாது. ஐஎஸ்ஓ 4014 என்றால் தலைக்குக் கீழே கொஞ்ச தூரம் மரை இருக்காது, ஐஎஸ்ஓ 4017 என்றால் முழுக்க மரை. எம்8×40 இரண்டிலும் கிடைக்கும். தரநிலை எண், கிரேடு, மேல்பூச்சு இந்த மூன்றும் பார்ட்டின் ப்ராப்பர்ட்டியில் (ஃபைலோடு சேர்ந்த விவரப் பகுதியில்) இருந்தால்தான் வாங்குபவர் உங்களுக்குப் போன் போடாமல் ஆர்டர் கொடுக்க முடியும்.

சரி, எதை எதோடு சேர்ப்பது? பெஞ்சில் வைத்துப் பூட்டி, ஒரே பொருளாகத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுகிற தொகுதி எதுவோ, அதுதான் சப் அசெம்பிளி. மாடலிங் வசதிக்காக மட்டும் சேர்த்துவைத்த தொகுதி பட்டியலில் தெரியக் கூடாது. இன்வென்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் அதை ஃபேன்டம் என்று குறித்தால் அதன் வரி மறைந்து உள்ளிருக்கும் பாகங்கள் மேலே ஏறிவிடும். சாலிட்வொர்க்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் இதற்கு ப்ரமோட் என்று பெயர். வெளியிலிருந்து வாங்கும் கியர்பாக்ஸுக்குப் பர்ச்சேஸ்டு என்று குறியுங்கள், பாகங்கள் பட்டியலில் ஒரே வரியாக வந்துவிடும். நீங்கள் அதன் உள் பேரிங்குகளையெல்லாம் வரி வரியாகக் காட்டியிருக்கிறீர்கள். அவற்றையும் வாங்கிவிட்டால் என்ன ஆகும்? அளவு பார்ப்பதற்காக வைத்த தரை, சுவர் போன்றவற்றுக்கு ரெஃபரன்ஸ் என்று குறியுங்கள்.

கிரீஸ், ஒட்டுப்பசை, பெயின்ட் போன்றவற்றுக்கு மாடலில் உருவம் கிடையாது, ஆனால் பட்டியலில் இருந்தாக வேண்டும். வர்ச்சுவல் காம்பொனென்ட், அதாவது உருவம் இல்லாமல் பட்டியலில் மட்டும் சேரும் பாகம் என்ற வசதி இதற்குத்தான் உதவுகிறது. பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை.

பெயர் வைப்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஃபைல் பெயர் பார்ட் நம்பராக இருக்கட்டும், விவரம் ப்ராப்பர்ட்டியில் இருக்கட்டும். 'ஃபைனல்' என்ற சொல் எங்கேயும் வேண்டாம். மாற்றிய பாகம் பழையதன் இடத்தில் அப்படியே பொருந்தி அதே வேலையைச் செய்யும் என்றால் ரிவிஷன் ஏற்றினால் (அதே நம்பரில் அடுத்த திருத்தம் என்று குறித்தால்) போதும், இல்லையென்றால் புது நம்பர். அப்புறம், விண்டோஸ் ஃபோல்டரில் போய்ப் பெயரை மாற்றாதீர்கள். அசெம்பிளி பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். மென்பொருளுக்குள்ளிருந்து மாற்றுங்கள். வேறு இடத்துக்கு அனுப்பும்போது, தொடர்புடைய ஃபைல்களையெல்லாம் சேர்த்தெடுக்கும் பேக் அண்ட் கோ வசதியைப் பயன்படுத்துங்கள்.

புதிதாக எதையும் வரைய வேண்டாம். இதே கன்வேயரைப் பிரித்து அடுக்கி, நம்பர் கொடுத்து, பலூன் (பாகத்தின் எண்ணைக் காட்டும் வட்டக்குறி) போட்ட அசெம்பிளி டிராயிங் ஒன்றும் எக்செலில் பட்டியல் ஒன்றும் எடுங்கள். பிறகு போல்ட்டுகளைக் கையால் எண்ணி, பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் கையில் இல்லையென்றால் ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில் பழகலாம். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பிலிருந்து அசெம்பிளி வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. ஃபேன்டம், பர்ச்சேஸ்டு போன்ற பெயர்கள் அங்கே அப்படியே இருக்காது, ஆனால் அடுக்கும் முறையைப் பழக அது போதும்.

இன்னொரு மென்பொருள் கோர்ஸில் சேர்க்கலாமா என்று உங்கள் அப்பா தனியாகக் கேட்டிருந்தார். இந்தப் பட்டியல் ஒழுங்காக வரும்வரை வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சேர்ப்பதாக இருந்தால், அங்கே அசெம்பிளிக்கு எத்தனை வகுப்புகள், பி.ஓ.எம். டெம்ப்ளேட் அமைக்கச் சொல்லித்தருகிறார்களா என்று முதலில் விசாரிக்கட்டும்.