பாத்ரூமில் போடுகிற மாத்திரை

கேள்வி: என் மகளுக்கு வயது 11, எடை 32 கிலோ. அடிக்கடி தலைவலி, மூக்கில் ரத்தம் என்று காட்டினோம். கையில் பி.பி. 150. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் பிறவியிலேயே ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறதாம், ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாய் வைக்கச் சொல்கிறார்கள். 'பொம்பளப் பிள்ளை உடம்புல கம்பின்னா நாளைக்கு யாரு கட்டுவா, வயசுக்கு வரட்டும்' என்கிறார் மாமியார். இப்போது மாத்திரை போடுகிறாள். விருந்தாளி வந்தால் பாத்ரூமுக்குள் போய்ப் போட்டுக்கொள்வாள், அவ்வளவு விவரமானவள். இரண்டு வருடம் தள்ளிப்போடலாமா?

பதில்: கூடாது. அதை டாக்டரே சொல்லியிருப்பார்.

எனக்கு ஆத்திரம் வந்தது அந்தப் பாத்ரூம் வரியில்தான். அதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். தன் நோயை ஒளித்துவைக்க வேண்டும் என்று 11 வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பாட்டி பேசியதைக் கேட்டிருக்கிறாள், அம்மா வாய் திறக்காமல் நின்றதையும் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு மாத்திரையை மறைக்கிறவள் நாளைக்குத் தலைவலியை மறைப்பாள், மாடி ஏறும்போது கால் வலிப்பதை மறைப்பாள், நீங்களும் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

மாத்திரை சுருக்கத்தை விரிக்காது. அதற்கு மேலே தலைக்கும் கைக்கும் ரத்தம் அதிக அழுத்தத்தில் பாய்கிறது, கீழே காலுக்கும் சிறுநீரகத்துக்கும் குறைவாகப் போகிறது. சிறுநீரகமோ உடம்பு முழுக்க அழுத்தம் விழுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அதை ஏற்றிவிடும் சுரப்பை விடுகிறது. இப்படியே விட்டால் இதயச் சுவர் தடிக்கும், மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும் அபாயமும் உண்டு. நாள் கடத்தக் கடத்த, பிறகு சரிசெய்தாலும் பி.பி. இறங்காமலே நின்றுவிடலாம்.

கைக்குழந்தை என்றால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். 20, 25 கிலோவைத் தாண்டிய பிள்ளை என்பதால்தான் ஸ்டென்ட் என்கிறார்கள். மயக்கம் கொடுத்து, தொடை இடுக்கில் ஊசித்துளை போட்டு, ஸ்டென்ட்டைப் பலூனோடு உள்ளே அனுப்பி விரிப்பார்கள். நெஞ்சைத் திறப்பதில்லை. ரத்தக்குழாய்ச் சுவர் கிழிவது போன்ற ஆபத்து அபூர்வமாக உண்டு, அதை டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். பிள்ளை வளரும்போது ஸ்டென்ட் கூடவே வளராது, மறுபடி பலூன் விட்டு விரிக்க வேண்டியிருக்கலாம். செக்கப் ஆயுள் முழுக்க உண்டு.

அதாவது, இது மறைக்கக்கூடிய விஷயமே இல்லை. மறைத்துக் கட்டிக்கொடுத்து, அவள் உண்டாகியிருக்கும்போது பிரசவம் பார்க்கிற டாக்டருக்கு இது தெரியாமல் போனால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. உண்மையைச் சொன்னதும் எழுந்து போகிற சம்பந்தம் போகட்டும். கல்யாணக் கவலை அப்புறம், முதலில் பிள்ளை பிழைத்துக் கிடக்க வேண்டும். பெரியவர்கள் பேச்சைக் கேட்டு நடக்கிற வீடு எனக்கும் பிடிக்கும், ஆனால் பேத்தியின் உயிரில் அந்த மரியாதை செல்லாது.

கணவரையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப்போய் அங்கேயே கேளுங்கள். வகுப்பு டீச்சரிடமும் பி.டி. மாஸ்டரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். தேதி வாங்கிவந்து மாமியாரிடம் தகவலாகச் சொல்லுங்கள், அனுமதி கேட்காதீர்கள்.