டாரன்டுலா வண்டைத் தொட மாட்டேங்குது

உங்க டாரன்டுலா சிலந்தி இருக்கிற பெட்டியிலேர்ந்து அந்த வண்டை முதல்ல வெளிய எடுத்துடுங்க. தோப்பு லைட்டுல விழுந்த காண்டாமிருக வண்டைப் போட்டேன், மூணு வாரமா தொடலைன்னு எழுதியிருக்கீங்க, அது ஓடு பயங்கர கெட்டி, காலெல்லாம் முள்ளு, போதாக்குறைக்கு நம்ம கொழிஞ்சாம்பாறை பக்கம் மருந்து வைக்காத தென்னை எங்க இருக்கு? மருந்து பட்டதைத் தின்னா சிலந்தியும் போயிடும்.

ஆனா மூணு வாரம்னா பெரும்பாலும் தோல் உரிக்கப் போகுது. முடி உதறுற ஜாதின்னா வயித்துல வழுக்கை இடத்தைப் பாருங்க, கறுத்துப் பளபளன்னு இருந்தா அதேதான். தண்ணி மட்டும் வைங்க, இரை வேணாம், உரிக்கிற நேரத்துல புழுவே அதைக் கடிச்சிடும். உரிக்கிறப்ப மல்லாந்துதான் கிடக்கும், செத்துடுச்சுன்னு தொட்டுத் தொலைக்காதீங்க.

உரிச்சதும் பல்லு வெள்ளையா இருக்கும், நல்லா கறுத்தப்புறம் வளர்த்த கரப்பான் குஞ்சு குடுங்க, மீல்வார்ம்னா (இரைக்குப் போடுற வண்டுப் புழு) தலையை நசுக்கிப் போடுங்க, இல்லன்னா மண்ணுக்குள்ள பூந்துரும்.

வயிறு சுருங்கிட்டே போனா மட்டும் இது தோல் விஷயம் இல்ல, போட்டோ போடுங்க.